தோட்டக் கோயிலில் குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி: பவனி, வாசிப்பு, தப்பு மேளம்

மேல்கணக்கு:
ஹட்டன் பக்கம் ஒரு தோட்டக் கோயில். ஆராதனைக்கு 70, 80 பேர் வருவார்கள். குருவானவருக்கு வேறு கோயில்களும் பொறுப்பு. குருத்தோலை ஞாயிறுக்கு வருவார், பெரிய வெள்ளிக்கு உபதேசியாரும் நாங்களும்தான். ஒரு ஹார்மோனியம், ஒரு கீபோர்ட், இரண்டு தப்பு (பறை), பாடக்கூடிய ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள். கூரை தகரம்.

லயத்திலிருந்து (தொழிலாளர் வீட்டு வரிசை) கோயில் வரை பவனி போகும்போது முன்னால் ஒரு வரி, பின்னால் வேறு வரி என்று பாட்டு பிரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? இயேசுவின் பாடுகளின் (துன்பங்களின்) வரலாற்றை ஆள் பிரித்து வாசிக்க ஆசை, ஆனால் பாட்டிமார் பலருக்கு வாசிக்கத் தெரியாது. தப்பு சாவு வீட்டுச் சத்தம், கோயிலுக்கு வேண்டாம் என்கிறார்கள் கமிட்டிப் பெரியவர்கள். பிள்ளைகளோ தப்பு இல்லாமல் பவனியே இல்லை என்கிறார்கள். பெரிய வெள்ளி 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தை தியானம். ஐந்தாம் வார்த்தைக்குள் மழை பிடித்துவிடும், பேசுவது ஒன்றும் கேட்காது.

தூறல்:
பவனியில் பாட்டு பிரிவது, தாளத்தை வரிசைக்கு முன்னால் விடுவதால் வரும் கோளாறு. 80 பேர் இரண்டிரண்டாக நடந்தால் வரிசை 40 மீற்றர் நீளும். ரோட்டு வளைவில் திரும்பியதும் முன்னால் போகும் சத்தத்தை மண்மேடு மறைத்துவிடும். தப்பை வரிசையின் நடுவில் விடுங்கள். பிள்ளைகளில் இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் தப்போடு, இரண்டு பேர் கடைசியில்.

நீண்ட சரணம் உள்ள கீர்த்தனை பவனிக்கு ஆகாது. அன்றைக்குரிய சங்கீதம் 118 இருக்கிறதே: நடுவில் இருப்பவர் ஒரு வசனம் பாடட்டும், எல்லோரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் பாடட்டும். புத்தகம் வேண்டாம், ஓலை பிடிக்கக் கை இருக்கும். ஏற்றத்தில் யாரையும் பாட வைக்காதீர்கள், மூச்சு வாங்கினால் சுருதி தன்னால் இறங்கும். ஏற்றத்துக்குத் தப்பு மட்டும், சமதரைக்குப் பாட்டு. தோட்டத்து ரோட்டில் போவதானால் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பிரதான வீதியில் கால் வைப்பதானால் பொலிஸுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஓலை கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கமிருந்துதான் வர வேண்டும். ஒரு தென்னங்குருத்தில் ஏறக்குறைய 200 ஓலை இருக்கும், நுனியிலும் அடியிலும் உள்ளவை கட்டையானவை. 80 பேருக்கு ஒன்று போதும், சிலுவை பின்ன இன்னொன்று. வெள்ளிக்கிழமையே வந்துவிட்டால் பிரிக்காமல் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். சனி இரவே கிழித்து அடுக்கினால் விடியும்போது ஓரம் சுருண்டு பழுத்திருக்கும்.

ஓலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. குருத்தோலை என்று சொல்வது யோவான் 12:13 மட்டும்தான். மத்தேயு "மரக்கிளைகள்" என்கிறார், மாற்கும் அப்படியே. லூக்காவில் வஸ்திரம் விரித்ததுதான் உண்டு, கிளையே கிடையாது. சவுக்குக் கொப்பு (தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்) எடுங்கள். இலையின் அடி வெள்ளி நிறம், 80 கை ஒன்றாக அசைந்தால் பார்க்க வேண்டுமே! தேயிலைக் கொப்பை மட்டும் ஒடிக்க விடாதீர்கள், தோட்டத் துரையோடு வீண் பேச்சு.

உபதேசி மகள்:
பாடுகளின் வாசிப்பு குருத்தோலை ஞாயிறுக்கு 2026இல் மத்தேயு, 2027இல் மாற்கு, 2028இல் லூக்கா. பெரிய வெள்ளிக்கு எல்லா வருடமும் யோவான் 18, 19. மத்தேயுவின் முழுப்பகுதி (26:14 முதல் 27:66 வரை) 128 வசனம். பவனி நடந்து வந்தவர்களை அவ்வளவு நேரம் நிற்க வைக்க முடியாது. குறுகிய பகுதி 27:11-54, 44 வசனம். அதை எடுங்கள்.

கணீர்க் குரல் உள்ளவரை இயேசுவாக்கிவிட்டு, மிச்சமிருப்பவரிடம் விவரிப்பைக் கொடுப்பதுதான் வழக்கமான பிழை. இந்த 44 வசனத்தில் இயேசு இரண்டே இடத்தில்தான் பேசுகிறார்: 11இல் "நீர் சொல்லுகிறபடிதான்", பிறகு 46இல் "ஏலி, ஏலி". நல்ல வாசிப்புக்காரர் விவரிப்பவராக இருக்க வேண்டும். அங்கே தடுமாறினால் முழு வாசிப்பும் தடுமாறும்.

அடுத்தது "என்றார்கள்" பிரச்சினை. நம் வேதாகமத்தில் பேச்சு முடிந்த பிறகு "என்றார்கள்" வரும். சபை முழுக்கக் கத்தி முடித்ததும் விவரிப்பவர் தனியாக "என்று எல்லாரும் சொன்னார்கள்" என்று வால் பிடித்தால் சிரிப்பு வந்துவிடும். வாசிப்புத் தாள் எழுதும்போது அந்த வால்களை வெட்டுங்கள். "எல்லாரும் சொன்னார்கள்:" என்று முன்னால் வைத்துவிட்டால், அந்தச் சொல்லே சபைக்கு அடையாளமும் ஆகும்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தாள் தேவையில்லை. கூட்டத்துக்கு இரண்டே வாக்கியம் கொடுங்கள்: "பரபாசை", "அவனைச் சிலுவையில் அறையவேண்டும்". ஆராதனைக்கு முன் மூன்று முறை சொல்லிப் பழக்கி, வாசிப்பில் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து கையைத் தூக்கினால் எல்லோரும் சொல்வார்கள். 25ஆம் வசனத்தின் இரத்தப்பழி வார்த்தையைச் சபை வாயில் கொடுக்காதீர்கள், விவரிப்பவரே நிதானமாக வாசிக்கட்டும். யூதர்களைப் பகைக்க எத்தனையோ காலம் பயன்படுத்தப்பட்ட வசனம் அது.

அடிக்குச்சி:
பெரியவர்கள் சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். லயத்தில் சாவு விழுந்தால் முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். அதோடு, தப்படிப்பவரைக் கீழே வைத்த சாதிக்கணக்கும் அதில் ஒட்டியிருக்கிறது. ஆனால் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துக்கும் அதே தப்புதான், அது சாவு வீடு இல்லை. ஆகவே பேச வேண்டியது அடியைப் பற்றி. பவனிக்குச் சாவு அடி வேண்டாம், நடை அடி போதும். அதைக் கமிட்டிக்கு முன்னால் ஒருதடவை அடித்துக் காட்டிவிட்டுக் கேளுங்கள். பெரிய வெள்ளிக்கு ஒவ்வொரு வார்த்தை முடிவிலும் ஒரே ஒரு அடி, அதுவும் முழுதாக அடங்கும் வரை யாரும் வாய் திறக்கக்கூடாது.

தப்படிப்பவர் பாடகர் குழுவோடு உட்கார வேண்டும், மற்றவர்களோடு ஒரே வரிசையில் திருவிருந்து எடுக்க வேண்டும். வாசலோடு நிறுத்தி அடிக்க மட்டும் கூப்பிடுவதானால் தப்பே வேண்டாம் என்பது என் கட்சி.

பனியில் தோல் தொய்ந்து "தொப்பு தொப்பு" என்று கேட்கும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, தோலை நெருப்புக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். விரலால் சுண்டினால் கணகணவென்று வரும்போது எடுத்துவிட வேண்டும். வளையத்தின் ஓரத்தைச் சூட்டுக்குக் காட்டாதீர்கள், தோலை ஒட்டியிருக்கும் புளியங்கொட்டைப் பசை விட்டுப்போகும். மூட்டமான காலையில் அந்தச் சூடு நெடுநேரம் நிற்காது. இரண்டு தப்பு இருப்பது நல்லது, ஒன்று நடக்கும்போது மற்றது காயட்டும். தகரக் கூரைக்குள் இரண்டையும் சேர்த்து அடித்தால் ஹார்மோனியம் செத்துப்போகும். உள்ளே வந்ததும் ஒன்று, அதுவும் சுண்டுக்குச்சி (மெல்லிய நீளக் குச்சி) மட்டும்.

ஐந்தரைக் கட்டை:
சுருதி பற்றி யாரும் சொல்லவில்லை. பெண்கள் தனியாகப் பாடும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் ஆண்கள் திணறுவார்கள். ஆண்களின் ஒரு கட்டையில் வைத்தால் பெண்களுக்குக் கீழ் ஸ்வரம் எட்டாது. இன்ன கட்டை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பாட்டின் உச்ச ஸ்வரத்தை எல்லோரும் கத்தாமல் தொடுகிறார்களா என்று பார்த்து, விடியற்காலை ஆராதனைக்கு அதிலிருந்து ஒரு கட்டை இறக்குங்கள். குளிரில் தொண்டை திறக்காது. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் போட்டு இறக்கினால், அடுத்த பாட்டுக்கு முன் பழையபடி திருப்ப ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். அது மறந்துபோய் ஹார்மோனியம் ஒரு பக்கம், கீபோர்ட் ஒரு பக்கம் போவது எல்லாக் கோயிலிலும் நடப்பது.

மேல்கணக்கு:
தப்பை அடித்துக் காட்டும் யோசனையைக் கமிட்டியில் வைக்கிறேன். பெரிய வெள்ளி நேரம்தான் இன்னும் முடியவில்லை. 12 மணியை மாற்றினால் வழக்கம் கெட்டது என்பார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விளக்கு அணைக்கவும் யோசனை. குத்துவிளக்கு, தேங்காய் எண்ணெய்.

உபதேசி மகள்:
அண்ணா, மாற்கு 15:25ஐக் காட்டுங்கள். சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி வேளை, அதாவது காலை 9. 12 மணி என்பது அந்தகாரம் தொடங்கிய நேரம். மார்ச், ஏப்ரலில் நம் பக்கம் இடிமழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான். 9க்குத் தொடங்கினால் மழைக்கு முன் வீடு போய்ச் சேரலாம்.

மூன்று மணி நேரமும் வேண்டாம். ஒரு வார்த்தைக்கு 12 நிமிடம்: வாசிப்பு 1, தியானம் 5, மௌனம் 2, ஜெபம் 1, பாட்டு 3. ஏழுக்கும் 84 நிமிடம். மௌனத்தை மணிக்கூடு பார்த்து விடுங்கள். பார்க்காவிட்டால் நடத்துபவருக்கு 20 விநாடியே இரண்டு நிமிடமாகத் தெரியும், ஜெபத்தைத் தொடங்கிவிடுவார். தப்பித்தவறி மழை வந்தால் மைக்கோடு மல்லுக்கட்டாமல், தியானத்தை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டைப் பாடுங்கள்.

குத்துவிளக்கு வழக்கமாக ஐந்து முகம், உங்களுக்கு வேண்டியது ஏழு சுடர். ஏழு மண் விளக்கைப் பீடத்துக்கு முன் பலகையில் வரிசையாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். இரவே ஊற்றி வைத்தால் காலையில் திரி வெண்ணெய்க்குள் புதைந்த மாதிரி இருக்கும், பற்றாது. நல்லெண்ணெய் ஊற்றுங்கள். வாயால் ஊதி அணைக்க வேண்டாம், எண்ணெய் தெறித்துப் பீடத் துணியில் விழும். ஒரு சிரட்டையைக் கவிழ்த்து மூடினால் போதும். சிரட்டைக் கண் அடைத்திருக்கிறதா என்று முதலே பாருங்கள்.

மேல்கணக்கு:
தேங்காய் எண்ணெய் வாங்கியாயிற்று. அது சமையலுக்குப் போகட்டும். 9 மணிக்குக் கமிட்டி சம்மதித்தால் வந்து சொல்கிறேன்.