புதுப்பிப்பு: நாக்குச் சோர்வு, ஏ.எல்.எஸ். பயம்

பேசப் பேச நாக்கு சோர்கிறதே, ஏ.எல்.எஸ்.ஸாக (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் சிதையும் நோய்) இருக்குமோ என்ற முந்தைய இழைக்கு ஒரு சேர்க்கை.

கண்ணாடி முன் நாக்கை நீட்டித் துடிப்பைத் தேடாதீர்கள். நீட்டிய நாக்கு யாருக்குமே நடுங்கும். வாய்க்குள் தளர்வாகக் கிடக்கும்போதுதான் பார்க்க வேண்டும். அப்போதும் துடித்து, ஓரங்கள் மெலிந்து, பேச்சுக் குழறலும் சேர்ந்தால்தான் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

பேசினால் மோசமாகி ஓய்வில் தேறுகிறதா? முதலில் பார்க்க வேண்டியது மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞை தடைபட்டு, தசை சீக்கிரம் சோரும் நோய் அது. 1 முதல் 50 வரை சத்தமாக எண்ணுங்கள். குரல் மூக்கால் வருகிறதா, இமை தொங்குகிறதா என்று இன்னொருவர் கவனிக்கட்டும். இதைக் கண்டறிய ரத்தத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பி எதிர்ப்பொருள் சோதனை உண்டு. அது நெகட்டிவ் என்றால் மஸ்க் (MuSK, தசையிலுள்ள இன்னொரு புரதம்) எதிர்ப்பொருளும் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கு, தொண்டைத் தொல்லையில் பலமுறை பார்க்காமல் விட்டுவிடுவது இந்தச் சோதனையைத்தான்.

(நாளெல்லாம் நாக்கைச் சோதித்தால் நல்ல நாக்கும் சோர்ந்துவிடும்.)

விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.