பழைய லண்டன் டியூபாவா, புதிய ஜெர்மன் டியூபாவா?

வணக்கம். இங்கிலாந்தின் ஓல்டமில் ஒரு பித்தளை இசைக்குழுவில் ஈ-ஃபிளாட் டியூபா (கீழ்ச்சுரங்களுக்கான பெரிய ஊதுகருவி) வாசிக்கிறேன். இரவல் கருவியை அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்க மூன்று மாதமாக அலைகிறேன், முடிவெடுக்க முடியவில்லை.

பார்த்து வைத்த இரண்டுமே பெசன் நிறுவனத்தின் சாவரின் 981 மாடல்: நான்கு வால்வு (சுரம் மாற்ற விரலால் அழுத்தும் பிஸ்டன்), 19 அங்குல பெல் (ஒலி வெளிவரும் விரிந்த வாய்). ஒன்று 1980களில் லண்டனில் செய்தது, 2,400 பவுண்டு. மற்றது, 2006இல் பஃபே கிராம்போன் என்ற பிரெஞ்சு நிறுவனம் பெசனை வாங்கிய பிறகு ஜெர்மனியில் செய்தது, 4,900 பவுண்டு.

என் மவுத்பீஸையே இரண்டிலும் பொருத்தி, டியூனரை வைத்துக்கொண்டு, ஒரே பாடத்தை மும்முறை வாசித்தேன். பழையதில் கீழ்ச்சுரங்கள் நெஞ்செலும்பு வரை அதிர்கின்றன. அந்த நாதத்தை விட்டுவர மனமில்லை. ஆனால் மூன்றாம் வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழாய்) இழுத்துப் பிடித்தபடி வால்வை அழுத்தினால், இறுக்கமான வால்வில் எழ வேண்டிய 'டப்' என்ற ஓசை எழவில்லை. காற்று கசிகிறது. கெட்டி எண்ணெய் விட்டதும் பத்து நிமிடம் சரியாக இருந்தது, பிறகு பழையபடிதான். வால்வுகளுக்கு முலாம் பூசித் தர 900 பவுண்டும் ஆறு வாரமும் கேட்கிறார் பழுதுபார்ப்பவர்.

புதியதில் வால்வுகள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன, சுருதி அசையாமல் நிற்கிறது. நாதம்தான் சற்று மெலிவு. ஜூனில் சேடில்வொர்த் ஊர்களில் விட் ஃபிரைடே என்ற பித்தளை இசைக்குழுப் போட்டி, மாலை முழுவதும் ஊர் ஊராகப் போய் நடந்தும் நின்றும் வாசிக்க வேண்டும்.

இரண்டு காலத்து 981-ஐயும் வாசித்தவர்கள் சொல்லுங்கள்: முலாம் பூசிய பிறகு பழைய வால்வுகள் பல ஆண்டுகள் கசியாமல் நிலைக்குமா?