சரிவில் ‘கியரில் விட்டு’ நிறுத்துவது: ஒரு சொல் வேண்டும்

சைதாப்பேட்டை (மொழிபெயர்ப்பு):

குழுவினருக்கு வணக்கம். ஓட்டுநர் பயிற்சிக் கையேட்டின் மலைப்பாதை அதிகாரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சென்னையில் ஓட்டப் பழகுபவருக்குச் சரிவு என்றால் மேம்பாலமும் அடித்தள வாகன நிறுத்தத்தின் சாய்தளமும்தான். வண்டியைச் சரிவில் விட்டுவிட்டு இறங்கிப் போவது பெரும்பாலும் ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோதான் முதன்முதலில் நேர்கிறது.

மூன்று இடத்தில் தடுமாறுகிறேன். இன்ஜினை அணைத்தபின் கியரில் விட்டுவைப்பதற்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைக்கு ஒன்று. மூன்றாவது, ‘நிறுத்து’. சிக்னலில் நிற்பதும் நிறுத்துவதுதான், பூட்டிவிட்டுப் போவதும் நிறுத்துவதுதான். இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல் உண்டா?

தாம்பரம்:

கியர் என்பதற்குப் பல்லிணை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. பல்லும் பல்லும் இணைந்து வண்டியைப் பூட்டிவிடுவதால் ‘பற்பூட்டு’ எனலாம். லகரம் வல்லினத்தின் முன் றகரமாவது பற்பசையில் எல்லார் வாயிலும் பழகியதுதான். புணர்ச்சி கடினம் என்று யாரும் சொல்ல முடியாது.

மயிலாப்பூர்:

பற்பூட்டு என்றதும் எனக்குப் பல் மருத்துவர் மாட்டும் கம்பிதான் நினைவுக்கு வருகிறது ஐயா. பல்லிணையிலும் ஒரு சிக்கல் உண்டு. பல்லூடகம், பல்லுயிர் என்று எழுதிப் பழகிய தலைமுறை அதைப் ‘பல இணைகள்’ என்றே பிரிக்கும்.

சைதாப்பேட்டையார் கேட்ட மூன்றாவது சொல்லுக்கு நெடுந்தூரம் போக வேண்டாம். பங்குனியில் கபாலீசுவரர் தேர் நான்கு மாட வீதியும் சுற்றி முடித்தால் ‘தேர் நின்றது’ என்றா சொல்கிறோம்? ‘நிலைக்கு வந்தது’ என்கிறோம். வழியில் எத்தனை முறை நின்றாலும் அதெல்லாம் நிற்பதுதான். நிலை வேறு. ஆகவே சிக்னலில் நிறுத்தல், இறங்கிப் போகையில் நிலைநிறுத்தல். அதே தேரடியில் இரண்டாவது சொல்லும் கிடைக்கிறது: முட்டுக்கட்டை. தேர்ச் சக்கரத்தின் கீழ் கட்டை போட்டுத் திருப்புவதும் தடுப்பதும் ஒரு தனிக் கைத்திறன். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் ஆலையின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் கட்டை போடுகிறவர்கள் கூடவே ஓடுகிறார்கள்.

பெரம்பூர் (ஓட்டுநர் பயிற்சி):

பற்பூட்டு வேண்டாம். பல் மருத்துவரை விடுங்கள், ‘பூட்டு’ என்பதே ஆபத்தான சொல். வண்டியைப் பிடித்து வைப்பது கியரின் பல் இல்லை, சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று. ஒன்றாவது கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜின் ஏறத்தாழ 14 சுற்றுச் சுற்றியாக வேண்டும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வரும் எதிர்ப்புதான் வண்டியைத் தாங்குகிறது. அந்தக் காற்று பிஸ்டன் ரிங் வழியாக மெல்லக் கசியும். செங்குத்தான சரிவில் கியரை மட்டும் நம்பி விட்ட வண்டி ஒரு குலுக்கு நகர்ந்து நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குலுக்கு. பூட்டு என்று படித்தவன் ஹேண்ட் பிரேக்கை இழுக்க மாட்டான்.

முழு வரிசையையும் சொல்லிவிடுகிறேன், சொல் அதற்குள் பொருந்த வேண்டும். நிற்கப்போகும் கடைசி அடியில், வண்டி மெல்ல உருளும்போதே முன்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். மூக்கு கீழ்நோக்கி இருந்தால் இடப்பக்கம், நடைபாதை ஓரக்கல்லைப் பார்த்து. மூக்கு மேல்நோக்கி, ஓரக்கல்லும் இருந்தால் வலப்பக்கம் திருப்பி, இடது முன்டயரின் பின்புறம் கல்லில் சாயும்வரை மெல்லப் பின்னால் விட வேண்டும். ஓரக்கல் இல்லாவிட்டால் ஏற்றத்திலும் இடப்பக்கமே. உருண்டால் வண்டி சாலைக்கு வராமல் ஓரத்துக்குப் போகும். அந்த ஓரம் பள்ளத்தாக்கு என்றால் அங்கே நிறுத்தவே கூடாது.

பிறகு கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மெதுவாக விட வேண்டும். பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காரும். தாங்குகிறதா, கேபிள் தளர்ந்திருக்கிறதா என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். கியரை முதலில் போட்டால் இந்தச் சோதனை நடக்காது, பலர் தவறுவது இங்கேதான். தாங்கினால் கால் பிரேக்கை மீண்டும் மிதித்து, இன்ஜினை அணைத்து, கிளட்ச்சை மிதித்து, ஏற்றத்தில் ஒன்றாவது, இறக்கத்தில் ரிவர்ஸ். கிளட்ச்சை முழுதாக விட்ட பிறகுதான் கால் பிரேக்கிலிருந்து கால் எடுக்கலாம். திரும்பி வந்து சாவி திருப்பும் முன் கால் பிரேக், கிளட்ச், நியூட்ரல். மறந்தால் வண்டி ஒரு துள்ளுத் துள்ளும்.

ஓட்டுநர்கள் இதை ‘இன்ஜின் பிடிச்சுக்கும்’ என்றே சொல்வார்கள். அந்தப் பிடியை எடுத்துக்கொள்ளுங்கள்: கியர்ப்பிடி.

தாம்பரம்:

பிடி சரி, பூட்டைத் திரும்பப் பெறுகிறேன். கியரோடு ஒட்டுவதை ஏற்க முடியாது. புறநானூறு 102-இல் உப்பு வணிகரான உமணர் வண்டிக்குச் ‘சேம அச்சு’ இருக்கிறது. மேடு ஏறினாலும் பள்ளம் இறங்கினாலும் என்ன ஆகுமோ என்று அடிமரத்தில் கட்டி வைத்த மாற்று அச்சு. வண்டியின் உறுப்புக்குத் தமிழில் சொல் அமைத்த மரபு நமக்குப் புதிதன்று. சேமம் என்பதையே கொண்டு ‘சேமப்பிடி’ என்றால் ஹேண்ட் பிரேக்குக்குத் துணையான மாற்றுப் பிடி என்ற பொருளும் வந்துவிடும்.

மயிலாப்பூர்:

அழகான சொல். ஆனால் சேமம், க்ஷேமத்தின் திரிபு. தனித்தமிழ் வேண்டும் என்பவர் அதில் எப்படி நிற்பார்?

தாம்பரம்:

சேமித்தல், சேமிப்பு எல்லாம் தமிழ் வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. சேர், செறி இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள் அம்மா. விரிவாகத் தனி இழையில் எழுதுகிறேன்.

வளசரவாக்கம் (லாரி பட்டறை):

கட்டையைப் பற்றி மட்டும். 10-க்கு 1 சரிவில் 1,000 கிலோ காரை ஏறக்குறைய 100 கிலோ பாரம் கீழே இழுக்கும். உருண்டைக் கல் அதற்குத் தாங்காது, டயர் ஏறிவிடும் அல்லது கல்லே உருளும். ஆப்பு வடிவில் சீவிய மரக்கட்டை, இறங்கும் பக்கம், டயரோடு இடைவெளி இல்லாமல். வைத்த கட்டையை எடுக்க, வண்டியை ஒரு விரற்கடை மேலே நகர்த்த வேண்டும். சுத்தியால் தட்டி எடுக்கக் கூடாது. கட்டையில் கயிறு கட்டி வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. கல் வைத்துவிட்டு அப்படியே கிளம்பிப் போகிறவர்களால் இரவில் பைக்கில் வருகிறவன் விழுகிறான். இதைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள். பெயர் முட்டுக்கட்டையே இருக்கட்டும், பட்டறையில் ‘கட்டை’ என்றாலே போதும்.

இன்னொன்று, பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி மலை இறங்கிச் சூடாக நின்றால், ஆறும்போது டிஸ்க்கும் அதைக் கவ்வும் பேடும் சுருங்கி ஹேண்ட் பிரேக்கின் பிடி தளரும். கியர் தேவைப்படுவது அந்த நேரத்துக்குத்தான்.

சைதாப்பேட்டை:

‘முட்டுக்கட்டை போடாதே’ என்று தடங்கலுக்கே சொல்லிச் சொல்லிப் பழகிய காதுக்கு ‘முட்டுக்கட்டை போடுங்கள்’ என்ற அறிவுரை இடறாதா?

மயிலாப்பூர்:

படம் பக்கத்தில் இருந்தால் இடறாது. உவமையாகப் போன சொல்லை அதன் பொருளுக்கே திருப்பித் தருவதில் எனக்கு மகிழ்ச்சி.

பெரம்பூர்:

நிலைநிறுத்தல்தான் எனக்கு இடறுகிறது. கியர் நிலை, நடுநிலை (நியூட்ரல்) என்று அதே அதிகாரத்தில் ஏழெட்டு நிலை இருக்கிறது. ‘நடுநிலையில் நிலைநிறுத்தாதீர்’ என்று அச்சடித்தால் பழகுநர் இரண்டு முறை படிப்பார். மோட்டார் வாகனச் சட்டம் 126-ஆவது பிரிவு, உரிமம் உள்ளவர் இருக்கையில் இல்லையென்றால் இன்ஜினை அணைத்து பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது. அதைப் போலவே ‘வண்டியை விட்டு இறங்குமுன்’ என்று தொடங்கினால் தனிச்சொல்லே தேவைப்படாது.

சைதாப்பேட்டை:

நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும். கியர்ப்பிடிக்கு நால்வர் உடன்பாடு, தாம்பரத்தார் மட்டும் மறுக்கிறார். முட்டுக்கட்டைக்கு எதிர்ப்பு இல்லை. ‘வண்டியை விட்டு இறங்குமுன்’ என்ற தொடர் கையேட்டின் உரைப்பகுதியில் வரும். சொற்பட்டியலில் கியர்ப்பிடிக்கு எதிரே சேமப்பிடியையும் சேர்க்கிறேன்.

தாம்பரம்:

பட்டியலில் சேர்த்ததற்கு நன்றி. இருந்தாலும் முதற்சொல்லாக அது வர வேண்டும் என்ற என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

மயிலாப்பூர்:

நிலைநிறுத்தலையும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். கியர்ப்பிடியில் ப் விடுபடாமல் பார்த்துக்கொள்ளவும்.