மி.லி. என்றால் மில்லியா, மில்லியனா?

வணக்கம்.

நம் சொற்பட்டியலுக்கு, குடிநீர்த் திட்டக் குறிப்புகளில் பத்து லட்சம் லிட்டரைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். ‘மி.லி.’ என்று சிலர் சுருக்குகிறார்கள். அது மில்லிலிட்டரின் சுருக்கமாயிற்றே! இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு. மணிமுத்தாறு அணையின் கொள்ளளவு 5,511 மி.க.அடி (மில்லியன் கனஅடி) என்று படித்துப் பழகியவருக்கு ‘மி.’ என்றால் மில்லியன், அதாவது பத்து லட்சம். வாழைக்கு மருந்தடிக்கிறவருக்கு மில்லி. ‘பேரிலிட்டர்’ என்று வைக்கலாமா?

*

அண்ணாச்சி, ‘பேரிலிட்டர்’ வேண்டாம். கண் முதலில் ‘பேரில்’ என்றுதான் முறித்துப் படிக்கும். பெரிது என்று தெரியும், எவ்வளவு பெரிது என்று தெரியாது. கூடங்குளத்து உலை ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் பழகிய பேச்சு. ‘மெகா’ என்றால் பத்து லட்சம் மடங்கு; ‘மெகாலிட்டர்’ அந்த வரிசையில் வந்து உட்காரும், சுருக்கம் மெ.லி. ஒரு மெ.லி. என்பது 1,000 கனமீட்டர். வினாடிக்கு ஒரு கனஅடி வீதம் திறந்தால் நாளுக்கு 2.447 மெ.லி.; ஒரு கனஅடியான 28.317 லிட்டரை, ஒரு நாளின் வினாடிகளான 86,400ஆல் பெருக்கிப் பாருங்கள். மணிமுத்தாறு நிறைந்தால் சுமார் 1,56,000 மெ.லி.

*

மெகாலிட்டர் எனக்கும் சம்மதம். கிலோலிட்டரையும் இதோடு முடித்துவிடுவோம். ‘கி.லி.’யில் புள்ளி விடுபட்டால் ‘கிலி’ ஆகிவிடும். கிலோலிட்டரும் கனமீட்டரும் ஒரே அளவு; கனமீட்டரையே தலைச்சொல்லாக வைக்கலாம். தொட்டி அளக்கிறவருக்கும் அதுதான் கைக்கு வரும். வட்டத் தொட்டியின் உள்விட்டம் 4 மீட்டர், நீர் ஆழம் 2.4 மீட்டர் என்றால் 3.1416 × 2 × 2 × 2.4 = 30.16 கனமீட்டர். 1,000ஆல் பெருக்கினால் 30,160 லிட்டர். ஊரில் ‘முப்பதாயிரம் லிட்டர் டேங்க்’ என்பது ஏறத்தாழ இந்த அளவுதான். ஆழத்தை மேல்விளிம்பு வரை எடுக்கக் கூடாது, நீர் வழியும் குழாயின் அடிமட்டம் வரைதான். விட்டத்தை மீட்டரிலும் ஆழத்தைச் சென்டிமீட்டரிலும் போட்டால் விடை நூறு மடங்கு வீங்கிவிடும். எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் அளந்தால் கிடைப்பது கனசென்டிமீட்டர், அதாவது மில்லிலிட்டர். லிட்டராக்க 1,000ஆல் வகுக்க வேண்டும். இங்கே பெருக்கிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

இன்னொன்று: ‘கொள்ளளவு’ தொட்டிக்கு, உள்ளே நிற்கும் நீருக்குக் ‘கனஅளவு’. பாதி காலியான தொட்டிக்கும் கொள்ளளவு மாறாது. இரண்டையும் ஒரே சொல்லாக்கிவிட வேண்டாம்.

*

சரி. மெகாலிட்டர், கனமீட்டர் என்றே பதிகிறேன். ‘மி.லி.’ மில்லிலிட்டருக்கு மட்டும். சுருக்கங்கள் அட்டவணைத் தலைப்பில் மட்டும் வரட்டும், உரையில் முழுச்சொல்.