கலைச்சொல் தேவை: ஆர்ச்டாப் கிதாரின் பிக்கப், பிக்கார்டு

மடல் 1

நண்பர்களே, வணக்கம்.

இசைக்கருவிப் பழுதுபார்ப்புச் சொற்பட்டியலில் இப்போது கிதார்ப் பகுதி நடக்கிறது. பிக்கப் இல்லாத ஆர்ச்டாப் கிதாரில் பிக்கப்பும் பிக்கார்டும் பொருத்துவது பற்றிய பக்கத்துக்கு நான்கு சொற்கள் வேண்டும். என் முன்மொழிவுகள்:

ஆர்ச்டாப்: வில்முகக் கிதார்
பிக்கப் (தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் உறுப்பு): எடுப்பி
பிக்கார்டு (வாசிக்கும்போது முகம் கீறாமல் காக்கும் தகடு): கீறல்காப்பு
ஃப்ளோட்டிங் பிக்கப்: மிதவை எடுப்பி

குறை இருந்தால் சொல்லுங்கள். பட்டறையில் கருவியைக் கையில் எடுத்தவர்களின் கருத்து கட்டாயம் வேண்டும்.


மடல் 2

> வில்முகக் கிதார்

வில் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று இந்தச் சொல் சொல்லவில்லை. பள்ளி இயற்பியலில் குவிலென்ஸ், குழிலென்ஸ் படிக்காதவர்கள் இல்லை. மேற்பலகை வெளிப்பக்கம் குவிந்திருப்பதால் ‘குவிமுகக் கிதார்’ என்றால் விளக்கமே வேண்டாம். மற்றது ‘தட்டைமுகக் கிதார்’. கிப்சன் நிறுவனம் 1922இல் கொண்டுவந்த எல்-5, வயலின்போலக் குடைந்தெடுத்த முகமும் ‘f’ எழுத்து வடிவில் இரண்டு எஃப் துளைகளும் கொண்டது. இந்தக் குடும்பத்துக்கு அதுதான் முன்மாதிரி.

> எடுப்பி

இதை ஏற்க முடியாது. கச்சேரிக்காரரிடம் ‘எடுப்பு’ என்றால் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். ‘எடுப்பி சரியில்லை’ என்றால் தாளம் பிசகியதாகத்தான் நினைப்பார். இசைத்துறைச் சொல் இசைத்துறைக்குள்ளேயே முட்டிக்கொள்ளக் கூடாது.

> மிதவை எடுப்பி

நான் பெரிதும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ‘மிதவை’ ஆங்கிலச் சொல்லின் நிழல். படிப்பவர் அந்த உறுப்பு ஆடிக்கொண்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார். உண்மை நேர்மாறானது. அது இம்மியும் அசையக் கூடாது. கழுத்தின் நுனியிலோ பிக்கார்டிலோ இறுகப் பிடித்திருக்க வேண்டும், ஆனால் மேற்பலகையைத் தொடவே கூடாது. மேற்பலகைதான் பாடுகிறது. அதன்மேல் எடை ஏறினால் ஒலி அடங்கும், லேசாக உரசினாலும் கிரீச்சிடும். அதனால் ‘தொடா’ என்ற அடைமொழியைப் பரிந்துரைக்கிறேன். செய்ய வேண்டியதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

மேற்பலகையை வெட்டிப் பதிக்கும் எதிர்வகைக்குப் ‘பதி’ போதும். 1936இல் வந்த கிப்சன் இ.எஸ்.-150இல் நீண்ட காந்தங்கள் மேற்பலகைக்கு அடியில் திருகாணிகளில் தொங்கின. அது பதிவகை. ஏற்கெனவே செய்து முடித்த கருவியில் அப்படிச் செய்ய, ஏறக்குறைய 70 × 38 மி.மீ. அளவுக்கு மேற்பலகையை வெட்ட வேண்டும். அடியில் நீளவாக்கில் ஒட்டிய தாங்குசட்டங்களில் ஒன்று அறுபட்டால் முகம் நாளடைவில் அமுங்கும். பழைய கருவியில் இதைச் செய்யவே கூடாது. தொடாவகையை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்.


மடல் 3

வணக்கம் ஐயா. ‘தொடா’ மிகவும் பொருத்தம்.

பிக்கப்புக்கு ‘அதிர்வுவாங்கி’ என்றால் என்ன? இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘ஒலிவாங்கி’ பழகிய சொல். அதே அச்சில் இதையும் வார்க்கலாம் அல்லவா?

பிக்கார்டு பற்றியும் ஒன்று. ‘கீறல்காப்பு’ தட்டைமுகக் கிதாரில் ஒட்டும் மெல்லிய தகட்டுக்குச் சரி. குவிமுகக் கிதாரில் அது தந்திகளின் உயரத்துக்கு எழும்பி, பக்கச்சட்டத்தில் திருகிய ஒரு கையில் நிற்கிறது. வாசிப்பவர் சுண்டுவிரலை அதில் ஊன்றிக்கொள்கிறார். கிப்சனின் பழைய விலைப்பட்டியல்களிலும் அது விரலை வைக்கும் உறுப்பு என்ற பொருளில்தான் பெயர் பெற்றிருக்கிறது. ஆகவே இங்கே ‘விரல்தாங்கி’, அங்கே ‘கீறல்காப்பு’.


மடல் 4 (மடல் 2 எழுதியவர்)

‘விரல்தாங்கி’யை மனமார ஏற்கிறேன். பொருத்துபவருக்கும் அது உதவும். தாங்கி என்றால் பாரம் ஏற்கும், எனவே பிடிப்பு உறுதியாக இருக்க வேண்டும் என்று கை தானே புரிந்துகொள்ளும். பிக்கப்பை விரல்தாங்கியில் தொங்கவிட்டால் இது இன்னும் முக்கியம். தகடு வளைந்தால் பிக்கப்பும் இறங்கும், விரலை ஊன்றும்போதெல்லாம் ஒலி ஏறி இறங்கும். தகடு 2.5 முதல் 3 மி.மீ. தடிமன் இருக்கட்டும். முதலில் காகிதத்தில் வெட்டிப் பாருங்கள். குதிரையை, அதாவது தந்திகள் ஏறி நிற்கும் கட்டையை, தொடாமல் 2 மி.மீ. விலகி நிற்க வேண்டும். கழுத்துப்பக்க ஊசியிலும் பக்கச்சட்டத் திருகாணியிலும் ஒரு சிறு ஃபெல்ட் வளையம் வைத்தால் நடுக்கச் சத்தம் வராது.

பழைய செல்லுலாய்டு தகடு ஓரத்தில் பொடிந்தாலோ புளிப்பு வாடை அடித்தாலோ உடனே கழற்றித் தனியே வையுங்கள். அது விடும் ஆவி தந்திகளையும் உலோகப் பாகங்களையும் அரித்துவிடும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அதன் பக்கத்தில் சால்டர் வைக்க வேண்டாம்.

> அதிர்வுவாங்கி

இதில் இரண்டு தடை. வண்டிப் பட்டறையில் ஷாக் அப்சார்பருக்கு ‘அதிர்வு ஏற்பி’ என்று எழுதுகிறார்கள். வாங்கிக்கும் ஏற்பிக்கும் பொருள் ஒன்றுதான். பெரிய தடை வேறு. காந்த பிக்கப் எல்லா அதிர்வையும் வாங்குவதில்லை. அதன் காந்தப்புலத்தில் இரும்பு அசைந்தால்தான் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். வெண்கலச் சுற்றுத் தந்தி போட்ட கிதாரில் பிக்கப் வைத்தவர்கள் இதை உடனே கண்டுகொள்வார்கள். முதலிரண்டு வெற்று எஃகுத் தந்திகள் கத்தும், சுற்றுத் தந்திகள் முனகும். சுற்றியிருக்கும் வெண்கலம் காந்தத்துக்குத் தெரியாது, உள்ளே உள்ள எஃகு நடுக்கம்பி மட்டுமே தெரியும். நிக்கல் சுற்றுத் தந்திக்கு மாற்றி, இரண்டாம் தந்திக்கு அடியிலுள்ள காந்தத் திருகை இறக்கினால் சமனாகும்.

எனவே ‘தந்தியுணரி’. உணரி ஏற்கெனவே நிலைத்த சொல். குதிரைக்கு அடியில் வைக்கும், அழுத்தத்தை மின்சாரமாக்கும் பியசோ வகைக்குக் ‘குதிரையுணரி’. காற்றில் வரும் ஒலியைப் பிடிப்பது ஒலிவாங்கி. எதைக் கவனிக்கிறதோ அதுவே பெயராகிறது.


மடல் 1 எழுதியவர்

தந்தி என்றால் டெலிகிராம் நினைவு வராதா? ‘கம்பியுணரி’ என்றால் என்ன?


மடல் 4 எழுதியவர்

தந்திச் சேவை 2013இல் நின்றுவிட்டது. வீணையின் தந்தி அப்படியே இருக்கிறது. ‘கம்பி’ என்றால் இந்தப் பக்கத்திலேயே குழப்பம் வரும், ஏனென்றால் அடுத்த பத்தி முழுக்க மின்கம்பிதான்.

வீணையிலிருந்து இன்னொரு சொல்லும் எடுக்கலாம். டெயில்பீஸுக்கு ‘வால்துண்டு’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். தந்திகளின் அடிமுனையைக் கட்டும் உறுப்புக்கு வீணைக்காரர்கள் ‘நாகபாசம்’ என்கிறார்கள். வேலையும் அதேதான். உருவமும் பொருந்துகிறது.

இந்த நாகபாசத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தந்திகள் தரையிணைப்புப் பெறுவது இதன் வழியே. ஜாக்கின் (ஆம்ப்ளிஃபையர் வடத்தைச் செருகும் துளையின்) தரைமுனையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வந்து உலோக நாகபாசத்தைத் தொட வேண்டும். பிறகு மல்டிமீட்டரில் ஜாக்கின் வெளியுறைக்கும் ஏதாவது ஒரு தந்திக்கும் இடையே பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் இரைச்சல் குறைந்து, தந்தியைத் தொட்டால் குறையாவிட்டால், இந்த இணைப்பு அறுந்திருக்கிறது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் கூடினால் ஜாக்கில் இரு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன. மரத்தால் செய்த நாகபாசம் என்றால் தந்திகளின் குண்டுமுனைகளை ஒரு செம்புத் தகட்டால் இணைத்து அங்கே கம்பியைப் பற்றவைக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஓர் அளவு. முதல் தந்தியையும் ஆறாம் தந்தியையும் கடைசி மெட்டில் (ஃப்ரெட்டில்) அழுத்திப் பிடித்து, கழுத்து நுனிக்கு அருகே தந்தியின் அடிப்புறத்திலிருந்து மேற்பலகை வரை அளந்துகொள்ளுங்கள். மேலே 3 மி.மீ., கீழே 2 மி.மீ. கழியுங்கள். 15 மி.மீ. இருந்தால் 10 மி.மீ.க்கு மிகாத தந்தியுணரிதான் உள்ளே போகும். இடைவெளி இல்லையென்று காந்தத்தைத் தந்திக்கு ஒட்டி ஏற்றினால், அது தந்தியை இழுத்து சுருதியை அலையவைக்கும்.

ஒலியளவுக் குமிழ், இரட்டைச்சுருள் வகைக்கு 500 கிலோ ஓம், ஒற்றைச்சுருளுக்கு 250. விரல்தாங்கியின் ஓரத்துக்கு அடியில் சக்கர வடிவக் குமிழை வைத்தால் மேற்பலகையில் ஒரு துளைகூட வேண்டாம். குமிழின் அடிப்பாகமும் மேற்பலகையைத் தொடக் கூடாது. மின்கம்பியை விரல்தாங்கிக்கு அடியில் ஒட்டி, எஃப் துளை வழியே உள்ளே விட்டு, அடிக்கட்டையில் உள்ள ஜாக்குக்குக் கொண்டுபோகலாம். உள்ளே தொளதொளவென்று விட்டால் பலகையில் தட்டிக்கொண்டே இருக்கும். ஜாக்குக்கான துளை ஏறக்குறைய 12 மி.மீ. நேரடியாகத் துளைபோட்டால் மரம் பிளக்கும். கூம்பு ரீமரால் சிறிது சிறிதாக அகலப்படுத்துவதே நல்லது. நாகபாசத்தின் கீல் அதே இடத்தில் திருகப்பட்டிருந்தால் துளையே போடாதீர்கள், ஜாக்கை விரல்தாங்கியின் பிடிகையில் பொருத்திவிடலாம்.


மடல் 3 எழுதியவர்

ஐயா, 1948இல் கிப்சன் விற்ற மெக்கார்ட்டி வகையில் தந்தியுணரியும் குமிழ்களும் விரல்தாங்கியோடு ஒரே உறுப்பாக வரும். அதற்குத் தனிச்சொல் வேண்டுமா?


மடல் 1 எழுதியவர்

தனிச்சொல் வேண்டாம், ‘உணரியுள்ள விரல்தாங்கி’ என்று விளக்கமாகவே எழுதுவோம். ஜாக்கும் ஜாக்காகவே இருக்கட்டும். எல்லோரும் சொல்லும் சொல்லை மாற்றினால் கடையில் பொருள் கிடைக்காது. என் எடுப்பியையும் மிதவையையும் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் ஏற்றும் வரி:

தொடாத் தந்தியுணரி: குவிமுகக் கிதாரின் கழுத்து நுனியிலோ விரல்தாங்கியிலோ இறுகப் பொருத்தப்படுவது, மேற்பலகையைத் தொடாமல், எஃகுத் தந்தியின் அசைவைக் காந்தப்புலத்தால் மின்குறிப்பாக்குவது.

‘மின்குறிப்பு’ என்ற சொல்லில் யாருக்காவது தடை இருந்தால் அதைத் தனி இழையில் எழுதுங்கள்.