புதுப்பிப்பு: கருப்பு காரில் வேக்ஸ் போட்டதும் வந்த திட்டுகள் சரியாகிவிட்டன

கையால் வேக்ஸ் போட்டபின் பானெட் முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெயிலில் வேண்டாம், மெல்லிசாகப் போடுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. காலை 6 மணிக்கு நிழலில் ஆரம்பித்தேன். கழுவியபின் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், மணல் மாதிரி நெருடியது. கிளே பாரை (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) சோப்புத் தண்ணீரோடு தேய்த்ததும் வழவழவென்று ஆனது. அப்புறம் கார்னுபா என்ற வேக்ஸ் பேஸ்ட். ஒரு கதவை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. விரலால் இழுத்தால் ஈஷாமல் வரும்போது மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். இப்போது ஒரு திட்டுகூட இல்லை!

எதிர்பாராதது ஒன்று: கருப்பு பிளாஸ்டிக் பட்டையில் வேக்ஸ் வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. பென்சில் ரப்பரால் தேய்த்ததும் போய்விட்டது. அடுத்த முறை அங்கே முதலிலேயே டேப் ஒட்டிவிடுவேன்.