தொயோகுனி கையொப்பம், நடிகர் பெயர் இல்லை: இந்தக் கபுகி அச்சு எந்த ஆண்டு?

கேள்வி (மரஅச்சு):
கபுகி (ஜப்பானிய நாடகம்) நடிகரைக் காட்டும் மரக்கட்டை அச்சு ஒன்று, 35 × 24 செ.மீ. சிவப்புச் சட்டத்துக்குள் ‘தொயோகுனி’ என்று கையொப்பம். பக்கத்தில் இரண்டு சிறு வட்ட முத்திரை, ஒரு நீள்வட்ட முத்திரை. நடிகர் பெயர் எங்கும் இல்லை. அங்கியின் கைப்பகுதியில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம். பின்பக்கம் அட்டை ஒட்டி, அதில் பென்சிலால் ‘1820’. ஆண்டு சரியா? நடிகர் யார்? பிற்கால மறுபதிப்பா? தண்ணீரில் ஊறவைத்து அட்டையைப் பிரிக்கலாமா?

பதில் 1 (எடோவாசி):
1820 இல்லை. அந்தப் பெயரின் முதல் ஓவியரான முதல் தொயோகுனி 1825-இல் இறந்துவிட்டார். அவர் காலத்து அச்சில் ‘கிவாமே’ என்ற ஒற்றை வட்டத் தணிக்கை முத்திரைதான் இருக்கும். அது 1842 வரை ஓடியது. 1847 முதல் இரண்டு தணிக்கையாளர்களின் முத்திரை. அதோடு தேதி முத்திரையும் சேர்ந்து வந்தது 1852-இலும் 1853-இலும் மட்டும். ஆக, இது 1844-இல் தொயோகுனி பெயரை எடுத்துக்கொண்ட அவருடைய சீடர் குனிசாதா.

நீள்வட்டம்தான் தேதி முத்திரை. அதற்குள் மேலே ஆண்டைக் குறிக்கும் விலங்கின் எழுத்து, கீழே மாதம். எலி என்றால் 1852, எருது என்றால் 1853. எலி எழுத்துக்கு உச்சியில் ஒரு மடிப்பு, நடுவே கிடைக்கோடு, அடியில் கொக்கி.

பதில் 2 (மூன்றுபடி):
1842 அரசுச் சீர்திருத்தத்தில் நடிகர் அச்சுகளுக்கே தடை வந்தது. பிறகு மெல்லத் திரும்பின, ஆனால் பல ஆண்டுகள் பெயர் போடாமலே. வாங்கியவர்களுக்கு முகமும் சின்னமும் போதுமாக இருந்தது.

மூன்று சதுரம் என்பது அரிசி அளக்கும் சதுரப் பெட்டிகள், இச்சிகாவா டான்ஜூரோ குடும்பச் சின்னம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 1852-இல் அதை அணிந்தவர்கள் அப்பாவும் மகனும்: ஏழாம் டான்ஜூரோவாக இருந்து எபிஸோ ஆனவரும், எட்டாம் டான்ஜூரோவும். பெரிய கண், தடித்த மூக்கு என்றால் அப்பா. நீண்டு ஒடுங்கிய இளமுகம் என்றால் மகன். அவர் 1854-இல் ஒசாகாவில் இறந்தார்.

பாத்திரப் பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும். அதை வைத்து வசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் தேடுங்கள். தலைப்பில் ‘மிதாதே’ என்றிருந்தால் நாடகத் தேதி தேடி அலைய வேண்டாம். அது கற்பனை நடிகர் தேர்வு. இறந்த நடிகர்கூட வரலாம். 1852-இன் தோகாய்தோ சாலை வரிசை அப்படிப்பட்டது, நடிகருக்குப் பின்னால் ஊர்க்காட்சி இருக்கும்.

பதில் 3 (பாரன்):
அசலா என்று பார்க்க முதலில் பின்பக்கத்தைத்தான் புரட்டுவோம். அச்சிடும்போது தாளைத் தேய்க்கும் ‘பாரன்’ என்ற வட்டத் திண்டின் வளையத் தடம், ஊறி வந்த வண்ணம் எல்லாம் அங்கே தெரியும். அட்டை அதை மறைத்துவிட்டது. எனவே முன்பக்கம். பத்து மடங்கு லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இயந்திர அச்சு, அங்கேயே கதை முடிந்தது. இல்லையென்றால் நெற்றியோரத்து முடிக்கோடுகளை அருங்காட்சியகப் பிரதியோடு ஒப்பிடுங்கள். கோடு உடைந்த இடங்கள் ஒன்றேயானால் ஒரே கட்டை. முடி நுனிகள் வேறு திசையில் போனால் புதிதாகச் செதுக்கியது.

அளவு குறைந்ததால் போலி ஆகாது. இத்தகைய அச்சுக்கு வழக்கமான ‘ஓபான்’ அளவுத் தாள் ஏறக்குறைய 39 × 26 செ.மீ.; ஓரம் வெட்டுவது வெகு சாதாரணம்.

ஊறவைக்கவே வேண்டாம். குசும்பாப் பூச் சிவப்பும் ஊதாவும் ஈரத்தில் கசியும், மையில்லாமல் மேடாக அழுத்திய வெற்றச்சு தட்டையாகிவிடும். அட்டை பிரிப்பது காகிதப் பாதுகாப்பாளர் வேலை. அதுவரை நேர்வெயில் படாத இடம், 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம், சட்டமிட்டால் கண்ணாடி அச்சைத் தொடக் கூடாது.

மரஅச்சு:
முத்திரையில் எலி, கீழே மூன்று கிடைக்கோடு. இடது ஓரத்தில் வாள் நுனி பாதியில் நிற்கிறது. வெட்டியதாலா?

பதில் 4 (எடோவாசி):
எலி 3, அதாவது 1852 மூன்றாம் மாதம். மார்ச் என்று குறிக்காதீர்கள். சந்திர நாட்காட்டி, நம் கணக்கில் ஏப்ரல் பிற்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை.

வாளுக்கு இடது ஓரத்தின் கறுப்பு எல்லைக்கோட்டைப் பாருங்கள். கோடு முழுதாக இருந்து, வாள் அதில் போய் முட்டினால் இது இரட்டை அல்லது மூன்று தாள் படத்தின் ஒரு தாள். மீதி வாள் அடுத்த தாளில். மற்ற மூன்று பக்கமும் கோடு இருந்து இடதில் மட்டும் இல்லையென்றால் கத்தரிக்கோல்தான்.